முதல் வரியில் அம்மன்

வேல்விழிக்குக் கோபம் வந்தால் முதலில் திட்டு வாங்குவது கம்ப்யூட்டர்கள்தான். மனிதர்களின் முறை அப்புறம் வரும். "ஏலே, சொன்ன பேச்சு கேக்க மாட்டியோ? முழிக்கதப் பாரு" என்று அவள் திரையைப் பார்த்துக் கத்துவதைக் கேட்டு, புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண்கள் தங்களைத்தான் சொல்கிறாள் என்று நினைத்து ஒதுங்கி நிற்பார்கள். நான் ஒதுங்க மாட்டேன். மணிமங்கலத்துக்காரி நான். எனக்கும் வாய் கொஞ்சம் நீளம்தான்.

என் பெயர் சுபஸ்ரீ. வல்லம் வடகால் சிப்காட்டில் கார்களுக்கு விளக்குக் கண்ணாடி செய்கிற கம்பெனியில், கேமரா லைனுக்கு நான்தான் ஷிஃப்ட் சூப்பர்வைசர். இந்தக் கம்பெனியைப் பற்றி எழுதச் சொன்னால் பெரிய ஆட்கள் முதலாளியைப் பற்றி எழுதுவார்கள், இல்லை என்றால் மெஷினைப் பற்றி எழுதுவார்கள். நாங்கள் வேலு என்று கூப்பிடும் வேல்விழியைப் பற்றி எழுத என்னை விட்டால் ஆள் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

திசையன்விளைப் பக்கத்தில் செம்மண் தேரிக்காட்டை ஒட்டிய ஒரு சின்ன ஊர் அவளுக்கு. பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு பஸ் ஏறி வந்தவள், இருங்காட்டுக்கோட்டையில் ஒரு லேடீஸ் ஹாஸ்டலில் தங்கினாள். ஹாஸ்டல் சாம்பாரை ஒரு வாய் வைத்துவிட்டு, "இத வச்சது யாரு? அவியள நான் பாக்கணும்" என்று சமையலறைக்குள் போய்விட்டாளாம். வந்த முதல் வாரத்திலேயே இவ்வளவு. எங்கள் லைனில் கண்ணாடியைத் துடைத்து பெல்ட்டில் ஏற்றும் வேலையில்தான் சேர்ந்தாள். கொஞ்ச காலம் கழித்து சிஸ்டம் டிபார்ட்மென்டில் ஓர் ஆள் வேலையை விட்டுப் போனபோது, அங்கே தலைமையாக இருக்கிற சிவசங்கர் சாரிடம் நேரே போய் நின்றாள். "உங்க ஆளு ஒருத்தர் போயிட்டாராம்லா சார். நான் வாரேன்" என்றாள். அவர் சிரித்துவிட்டு ஒரு பரீட்சை வைத்தார். பாஸாகிவிட்டு, ஏதோ அவருக்குத்தான் உபகாரம் செய்தது போல் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

எங்கள் லைன் லீடர் ரத்தினத்தோடு மட்டும் அவளுக்கு ஆரம்பத்தில் ஒத்துப்போகவே இல்லை. ரத்தினம் உள்ளூர்க்காரர், வல்லம் வடகால். இவள் அவரை மரியாதையாக "அண்ணாச்சி" என்று கூப்பிட்டாள். தெற்கே அது பெரிய மரியாதை. எங்கள் பக்கம் அண்ணாச்சி என்றால் மளிகைக் கடை வைத்திருப்பவர். ரத்தினத்துக்கு முகம் சிவந்துவிட்டது.

"இன்னாம்மா இது, நான் இன்னா பருப்பு பொட்டலமா கட்டிகினு கீறேன்? அண்ணாச்சியாம் அண்ணாச்சி!"

"பின்ன எப்படிக் கூப்பிட? பேர் சொல்லியா? எங்க அம்மைக்குத் தெரிஞ்சா நாக்க அறுத்துருவா" என்றாள் வேலு. கடைசிவரை அண்ணாச்சிதான். இப்போது லைனில் எல்லோருமே அவரை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

ரத்தினத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. காலையில் லைனைத் திறந்ததும், முதல் கண்ணாடி பெல்ட்டில் ஏறுவதற்கு முன்னால், அம்மன் முகம் பார்க்க வேண்டும். ஆனால் கேமரா லைன் இருப்பது தூசி கூடாத அறை. சூடம் ஏற்றக் கூடாது, பூ வைக்கக் கூடாது, எலுமிச்சம்பழம்கூட உள்ளே போகக் கூடாது. அதற்காக அம்மனை விட்டுவிட முடியுமா? வேலுவுக்கு முன்னால் சிஸ்டம் டிபார்ட்மென்டில் இருந்தவரைப் பிடித்து, லைன் கம்ப்யூட்டரைப் போட்டதும் திரையில் எல்லையம்மன் படம் வருகிற மாதிரி செய்துவிட்டார். வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை அலங்காரம் மாறும். ஒரு வாரம் சந்தனக் காப்பு, ஒரு வாரம் குங்குமக் காப்பு. ஆபீஸில் இருக்கிற பெண்ணிடம் கொடுத்து சர்வரில் புதுப் படத்தைப் போட வைப்பார். படத்தில் அம்மனுக்குப் பின்னால் ஒரு கன்டெய்னர் லாரியின் பாதி தெரியும். கோயில் இப்போது இரண்டு கம்பெனி காம்பவுண்டுகளுக்கு நடுவில் இருக்கிறது, லாரி வராமல் படம் எடுக்க முடியாது.

வேலு சம்பளம் கூடியதும் செய்த முதல் வேலை, ஹாஸ்டலை விட்டு வல்லத்தில் ஒரு வீடு பிடித்து அம்மாவைக் கூட்டி வந்ததுதான். அம்மாவின் பெயர் உச்சிமாகாளி. ஊரில் இருந்து வரும்போது ஒரு பெட்டி நிறையக் கருவாடு கொண்டுவந்தார். முதல் நாளே நெத்திலிக் கருவாட்டை வறுக்க, வீட்டுக்காரம்மா மாடியில் இருந்து மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கி வந்துவிட்டார். "கோழி செய்ங்க, ஆடு செய்ங்க, நான் ஒண்ணும் சொல்லல. கருவாடு மட்டும் வாணாம். மேல வரிக்கும் நாறுது." அன்றிலிருந்து பெட்டி கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. அந்த அம்மாவை இத்தனை தூரம் வரவழைக்க வேலு எத்தனை காலம் மல்லுக்கட்டினாள் என்று எனக்குத் தெரியும். "வந்தாச்சுல்லா அக்கா, இனி திருப்பி பஸ் ஏத்த மாட்டேன்" என்று என்னிடம் சொன்னபோது அவள் குரலே வேறு மாதிரி இருந்தது.

அதற்குப் பிறகுதான் எங்கள் லைனுக்குக் கேடு வந்தது.

கேமரா லைன் என்றால் பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. கண்ணாடி பெல்ட்டில் வரும். சுற்றிலும் இருக்கிற கேமராக்கள் படம் பிடிக்கும். கீறலோ குமிழியோ இருந்தால் சிவப்பு விளக்கு எரிந்து, அந்தக் கண்ணாடியை மட்டும் ஒரு மெஷின் கை ஓரமாகத் தள்ளிவிடும். எல்லாப் படமும் சர்வர் ரூமில் இருக்கிற பெரிய பெட்டியில் போய்ச் சேர வேண்டும். சேர்ந்துவிட்டது என்று பதில் வந்தால்தான் பெல்ட் அடுத்த கண்ணாடியை விடும். கண்ணாடி வாங்குகிற கார் கம்பெனி, இன்னும் துல்லியமான படம் வேண்டும் என்று கேட்டது. புதுக் கேமராக்கள் வந்தன. படங்கள் பூதம் மாதிரி பெருத்துவிட்டன. பெல்ட்டுக்கு விக்கல் பிடித்தது. ஓடும், நிற்கும், ஓடும், நிற்கும். பெண்கள் கையில் துணியோடு பெல்ட்டைப் பார்த்து நின்றுகொண்டிருப்பார்கள். எனக்கு ரத்தம் கொதிக்கும்.

சிவசங்கர் சார் சும்மா இருக்கவில்லை. சர்வர் ரூமுக்கும் லைனுக்கும் இடையில் ஒரு கேபிள் இருந்த இடத்தில் நான்கு கேபிள் போட்டு, நான்கையும் சேர்த்துக் கட்டினார். ஒரு பிரயோசனமும் இல்லை. பெல்ட் அதே விக்கல்.

பிளான்ட் மேனேஜர் வெங்கடேசன் சார் எங்களை எல்லாம் மீட்டிங்குக்குக் கூப்பிட்டார். "கார் கம்பெனி பார்ட்டி வெள்ளிக்கிழமை வராங்க. ஒரு ஷிஃப்ட் முழுக்க பெல்ட் நிக்காம ஓடணும். நின்னா, லைனைக் கழட்டி வடக்க இருக்கிற நம்ம பிளான்ட்டுக்கு அனுப்பச் சொல்லி மேலிடத்து உத்தரவு. என் கையில ஒண்ணும் இல்ல" என்றார்.

லைன் போனால் அதில் இருக்கிற பெண்கள் போவார்கள், நான் போவேன். அந்த லைனின் சிஸ்டத்துக்கென்றே கான்ட்ராக்டில் இருக்கிற வேலு முதலில் போவாள். அவள் பக்கம் திரும்பிப் பார்த்தேன். அவள் அதற்குள் எழுந்து நின்றிருந்தாள்.

"சார், எல்லாம் ஒரே லைன்ல போவுது. அதான் கோளாறு. நாலு லைன்ல போனா சரியாயிரும். நான் செஞ்சு தாரேன்."

வெங்கடேசன் சார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "ஏம்மா, இருக்கிற ஒரு லைனையே காப்பாத்த வழியில்ல, நாலு லைன் கேக்கிறியா?"

எங்கள் கம்பெனியில் லைன் என்றால் பெல்ட்தான். அவள் சொன்னது கம்ப்யூட்டர் லைன். இது அவருக்குப் புரிவதற்குள், டீ கொண்டுவந்த ஆள் பாதியைக் கேட்டுவிட்டுப் போய்விட்டான். மதியம் கேன்டீனில் நான்கு புது லைன் வரப்போகிறது என்று பேச்சு. பேக்கிங்கில் இருக்கிற ஓர் அம்மா தன் மச்சினிச்சிக்கு ஒரு வேலை போட்டுக் கொடுக்கச் சொல்லி என் கையைப் பிடித்துக்கொண்டார். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

வேலு எனக்கு விளக்கினாள். "டோல்கேட்ட நெனச்சுக்கோங்க அக்கா. நாலு கவுண்டர் தெறந்துதான் கெடக்கு. ஆனா வண்டி பூரா ஒரே கவுண்டர்ல வரிசையா நிக்குது. எதுக்கு? இந்தக் கம்ப்யூட்டருக்கும் சர்வருக்கும் நடுவுல இருக்கது ஒரே ஒரு இணைப்பு. ஒரு இணைப்பு ஒரு கேபிள்லதான் போவும். சார் நாலு கேபிள் போட்டாரு, மிச்சம் மூணும் சும்மா கெடக்கு."

"அப்ப இன்னா பண்ணணும்?"

"நாலு இணைப்பாக்கணும். அதுக்கு வழி இருக்கு."

சர்வர் ரூமில் இருக்கிற போல்டரை, லைன் கம்ப்யூட்டருக்குள்ளேயே இருக்கிற மாதிரி காட்டுவதற்கு மவுண்ட் என்று பேர். வேலு அதை 'ஏத்துதது' என்பாள். எடுத்துவிடுவது 'எறக்குதது'. எந்தப் போல்டரை ஏற்ற வேண்டும் என்று ஒரு ஃபைலில் வரிவரியாக எழுதி இருக்கும். கம்ப்யூட்டரைப் போட்டதும் மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாக ஏறும். கேமராப் படங்களுக்கான வரியில் என்கனெக்ட் என்று ஒரு சொல்லைச் சேர்த்து, பக்கத்தில் நான்கு என்று போட்டால், ஏறும்போதே நான்கு இணைப்பாக ஏறும். போட்டாள். கம்ப்யூட்டரை அணைத்துத் திறந்தாள். எத்தனை இணைப்பு என்று கேட்டுப் பார்த்தாள்.

ஒன்று.

எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பார்த்தாள். இல்லை. மறுபடி அணைத்துத் திறந்தாள். ஒன்று. சிவசங்கர் சார் தன் மேஜையில் இருக்கிற கம்ப்யூட்டரில் அதே வரியைப் போட்டுப் பார்த்தார். அங்கே சமத்தாக நான்கு வந்தது. லைன் கம்ப்யூட்டரில் மட்டும் ஒன்று. இரண்டு பேரும் தலைகீழாக நின்று பார்த்தார்கள், அசையவில்லை. "ஏலே, ஒனக்கு மட்டும் என்ன கேடு? அங்கன ஒருத்தன் ஒழுங்கா செய்யுதாம்லா" என்று வேலு அதைத் திட்டிய திட்டில் எனக்கே பாவமாகிவிட்டது.

வியாழக்கிழமை சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். வாய் ஓயாத ஜன்மம், ஒரு வார்த்தை பேசவில்லை. வல்லத்தில் இறங்குவதற்கு முன்னால், "எங்க அம்மை சட்டி பானையெல்லாம் மூட்டையாக் கட்டி வச்சிட்டா அக்கா. நான் சொல்லவே இல்ல, மூஞ்சியப் பாத்தே கட்டிட்டா" என்றாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை காலையில் நான் போவதற்கு முன்பே அவள் லைனில் நின்றுகொண்டிருந்தாள். கேமராப் போல்டர் தானாக ஏற வேண்டாம், கையாலேயே ஏற்றிப் பார்க்கிறேன் என்று அந்த வரியை மட்டும் வேலை செய்யாமல் அடைத்துவிட்டிருந்தாள். ஆனால் கம்ப்யூட்டரைத் தொட முடியவில்லை. முன்னால் ரத்தினம். அன்றைக்குச் சந்தனக் காப்பு. கண்ணை மூடி, கையைக் கூப்பி, லைனுக்காகவோ என்னவோ, வழக்கத்தைவிட நிறைய நேரம் வேண்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, பார்ட்டி வந்துட்டு இருக்காவ."

"வரட்டும்மா. அம்மா முதல்ல."

அவர் நகர்ந்ததும், பொறுமை இல்லாமல், பழக்க தோஷத்தில், எத்தனை இணைப்பு என்று கேட்கும் கட்டளையை வேலு தட்டினாள். கேமராப் போல்டரை அவள் இன்னும் ஏற்றவே இல்லை. ஒன்றும் இல்லை என்றுதான் பதில் வர வேண்டும்.

ஒன்று என்று வந்தது.

வேலு திரையையே பார்த்தாள். "நான் இன்னும் ஏத்தல. பின்ன இது யாரோடது?" என்று தனக்குத் தானே கேட்டாள். திரையின் நடுவில் எல்லையம்மன் சந்தனத்தில் குளித்து, பின்னால் பாதி லாரியோடு, இவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏயம்மா!" என்று வேலு போட்ட கூச்சலில் ஒரு பெண் கையில் இருந்த துணியைக் கீழே போட்டுவிட்டாள்.

அம்மன் படமும் அதே சர்வரில்தான் இருந்தது. ஃபைலில் முதல் வரி அம்மன் போல்டருக்குத்தான். "அம்மன் மேல இருக்கணும், மத்ததெல்லாம் கீழ" என்று அந்தக் காலத்தில் ரத்தினம் பக்கத்தில் நின்று எழுத வைத்த வரி அது. கம்ப்யூட்டரைப் போட்டதும் அம்மன் போல்டர் முதல் ஆளாக, ஒற்றை இணைப்பில் ஏறிவிடும். பின்னால் அதே சர்வரில் இருந்து எது ஏறினாலும், அதில் நான்கு என்று எழுதியிருந்தாலும், புதிதாக வழி போட்டுக்கொள்ளாது. முதலில் போனவர் போட்ட வழியிலேயே சேர்ந்துகொள்ளும். சிவசங்கர் சார் கம்ப்யூட்டரில் அம்மன் இல்லை, அதனால் நான்கு வந்தது. அந்த ஃபைலை வேலு எத்தனையோ தடவை திறந்து படித்தவள்தான், சாரும் படித்தவர்தான். இருவர் கண்ணும் அந்த முதல் வரியைத் தாண்டித்தான் போயிருந்தன. பிள்ளையார் சுழியை யாராவது வாசிப்பார்களா? அதற்குக் கீழே இருந்துதானே படிக்க ஆரம்பிப்போம்.

சிவசங்கர் சார் ஓடி வந்தார். கேட்டார். முகம் மலர்ந்தது. "அவ்வளவுதானே? அந்தப் படத்தைத் தூக்கிடு. கேமரா போல்டர் தனியா ஏறட்டும்."

ரத்தினம் சத்தமே போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "தூக்கிடுவியா சார்? இன்னிக்கு வெள்ளிக்கெழம. லைன் இருக்குமா போவுமான்னு கீற நாளு. இன்னிக்குத் தூக்கிடுவியா?" என்று மட்டும் கேட்டார். கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்த கைகள் எல்லாம் நின்றன. சங்கடமாகிவிட்டது சாருக்கு. கண்ணாடிச் சுவருக்கு வெளியே வெங்கடேசன் சாரோடு பார்ட்டி ஆட்கள் நடந்து வருவது தெரிந்தது.

"யாரையும் தூக்க வேண்டாம்" என்றாள் வேலு. "முதல்ல போறவ அவதானே? அப்ப நாலு வாசல அவளுக்கே வச்சிருவோம். பின்னால வாரவுக எல்லாம் அது வழியாத்தானே போவணும்? நான் நாலக் கொண்டு போயி கேமராவுக்கு வச்சேன். வீட்டுக்குப் பெரியவள விட்டுட்டு வேலைக்காரங்கிட்ட சாவியக் குடுத்த மாதிரி."

ரத்தினத்தின் முகம் கொஞ்சம் இளகியது. "நாலு வாசலா? பெரிய கோயில் மாதிரியா?"

"ஆமா அண்ணாச்சி. ஆனா ஒரு தடவ எறக்கி ஏத்தணும். ஏறி உக்காந்து இருக்கும்போது வாசல மாத்த முடியாது."

அவர் யோசித்தார். சாமியை இறக்குவதும் ஏற்றுவதும் அவருக்குப் புதிதா என்ன? அலங்காரம் மாற்றும்போதெல்லாம் பார்த்தவர்தானே.

"எறக்கிக்க. ஆனா தெர போடாம எறக்கக் கூடாது."

தூசி கூடாத அறையில் திரைச்சீலைக்கு எங்கே போவது? கொக்கியில் தொங்கிய நீலக் கோட்டு ஒன்றை எடுத்து ஒரு பக்கம் அவர் பிடித்தார், மறுபக்கம் என்னிடம் நீட்டினார். பிடித்தேன். மானிட்டருக்கு முன்னால் நீலக் கோட்டைப் பிடித்துக்கொண்டு நாங்கள் இருவரும் நிற்க, வேலு திரைக்கு உள்பக்கம் குனிந்து தட்டினாள். அம்மனை இறக்கினாள். முதல் வரியில் நான்கு என்று சேர்த்தாள். அம்மனை ஏற்றினாள். அதற்குப் பின்னால் கேமராப் போல்டரை ஏற்றினாள். இதற்கு மேல் ஒரு வழியும் இல்லை என்று எனக்குத் தெரியும்.

"தெரைய எடுங்க அண்ணாச்சி."

எடுத்தோம். சந்தனக் காப்பில் அம்மன். கீழே மூலையில் ஒரு சின்னக் கட்டம். அதில் நான்கு.

தெற்கத்திப் பெண்கள் மூன்று நான்கு பேர் அந்த லைனில் இருந்தார்கள். யார் ஆரம்பித்தார்கள் என்று தெரியவில்லை, நாக்கைச் சுழற்றிக் குலவை போட்டார்கள். எங்கள் பக்கத்துப் பெண்கள் ஆவென்று பார்த்தார்கள். கண்ணாடிச் சுவருக்கு வெளியே பார்ட்டி ஆட்கள் திகைத்து நின்றதும், வெங்கடேசன் சார் முகத்தை மாற்றாமல் ஏதோ சொன்னதும் தெரிந்தது. மெஷின் ஸ்டார்ட் செய்யும்போது இது எங்கள் ஊர் வழக்கம் என்று சொன்னாராம், பிறகு கேள்விப்பட்டேன்.

பெல்ட் ஓடியது.

அதை எப்படி எழுதுவது? பெல்ட் ஓடியது, அவ்வளவுதான். நிற்கவில்லை. கண்ணாடி வந்தது, கேமரா கண் சிமிட்டியது, கண்ணாடி போனது, அடுத்தது வந்தது. பெண்கள் துடைத்து வைக்க வைக்க, பெல்ட் இன்னும் கொண்டா என்று கேட்டது. நடுவில் ஒரு தடவை சிவப்பு விளக்கு எரிந்தபோது எனக்கு உயிரே போய்விட்டது. நிஜமான கீறல். கை வந்து ஓரமாகத் தள்ளியது, பெல்ட் பாட்டுக்கு ஓடியது. சர்வர் ரூமுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்த சிவசங்கர் சார், "மூணு கேபிள் பிஸி. ரெண்டு இணைப்பு ஒரே கேபிளைப் பிடிச்சிருக்கு, நாலாவது கேபிள் தூங்குது" என்றார். "தூங்கட்டும் சார். வீட்டுக்கு ஒரு சோம்பேறி இருக்கத்தான் செய்வான்" என்றாள் வேலு. வாய் திரும்பி வந்துவிட்டது. நான் நிம்மதியாக மூச்சுவிட்டேன்.

ஷிஃப்ட் முடியும் சங்கு ஊதியபோதும் பெல்ட் ஓடிக்கொண்டிருந்தது. நாங்களாக நிறுத்தினோம். பார்ட்டி ஆட்கள் கை கொடுத்துவிட்டுப் போனார்கள். வெங்கடேசன் சார் உள்ளே வந்தார். "லைன் இங்கேயேதான். பேசிட்டேன்" என்றார். பிறகு வேலுவைப் பார்த்து, "நாலு லைன் கேட்ட, இந்த ஒண்ணை வெச்சிக்கோம்மா" என்றார். அன்றைக்குச் சிரித்த சிரிப்பு போல் நாங்கள் அந்த அறையில் சிரித்ததே இல்லை. ரத்தினம் மட்டும் சிரிக்கவில்லை, மானிட்டரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

வேலு வெளியே வந்து செருப்பைக்கூட மாட்டாமல் போன் செய்தாள். "எம்மா, கட்டுன மூட்டைய அவுத்துரு" என்றாள். அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ, "ஆமா. எல்லாத்தையும்தான் சொல்லுதேன்" என்றவள் அங்கேயே சுவரில் சாய்ந்து அழுதாள். நானும் அழுதேன். அழுதால் என்ன, ஜெயித்துவிட்டுத்தானே அழுகிறோம்.

அடுத்த வெள்ளிக்கிழமை வேலுவும் அவள் அம்மாவும் எல்லையம்மன் கோயிலுக்குப் போனார்கள், நானும் கூடப் போனேன். ரத்தினம் அங்கே இருந்தார். உச்சிமாகாளியம்மா தேங்காய்த் தட்டை வைத்துவிட்டு, இடுப்பில் கை வைத்து, அம்மனை நேருக்கு நேர் பார்த்தார்.

"ஏட்டி, எம் மவ சோத்துல மண்ணள்ளிப் போடப் பாத்தியே! வழிய மறிச்சிட்டா உக்காருவ? சரி, அவ மேலயும் தப்பு இருக்கு. முதல் ஆளா நிக்கவகிட்டதான முதல்ல சொல்லணும்? அத விட்டுட்டு ஊர்ல உள்ள கம்ப்யூட்டரையெல்லாம் ஏசிட்டுத் திரிஞ்சிருக்கா."

வேலு யாரிடம் பேசக் கற்றாள் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. ரத்தினம் அசந்து போய் நின்றார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஆடி வருது. இங்க கூழ் ஊத்துவோம். வூட்டுக்கு ஒரு கொடம் கூழ் வரணும். ஒங்க வூட்டுக் கொடமும் வரணும்மா."

அதைக் கேட்டு எனக்குச் சிலிர்த்தது. வாடகைக்கு இருப்பவர்களிடம் குடம் கேட்கும் வழக்கம் இங்கே இல்லை. ஊரில் ஒரு வீடு என்று எண்ணினால்தான் கேட்பார்கள். வேலுவுக்கு அது தெரியாது. அவள் அம்மாவுக்கும் தெரியாது.

"கூழா? ஒங்க ஊர்க் கூழு எனக்குக் கிண்ட வராதே அண்ணாச்சி" என்றார் உச்சிமாகாளியம்மா.

அண்ணாச்சி முகத்தைச் சுளிக்கவில்லை. "கொடத்த குடு, கூழ் நாங்க நெரப்பிக்கிறோம். கூழுக்குத் தொட்டுக்க கருவாட்டுக் கொழம்பு வெப்போம். அது வருமா?"

உச்சிமாகாளியம்மா மகளைத் திரும்பிப் பார்த்தார். மகள் அம்மாவைப் பார்த்தாள்.

ஆடி மூன்றாம் வெள்ளி அன்று, கட்டிலுக்கு அடியில் இருந்த பெட்டி வெளியே வந்தது. கோயில் வாசலில், இரண்டு காம்பவுண்டுக்கு நடுவில், பெரிய அண்டாவில் உச்சிமாகாளியம்மா வைத்த கருவாட்டுக் குழம்பு கொதித்த வாசனை மெயின் ரோடு வரைக்கும் போயிற்று. ஷிஃப்ட் விட்டு வந்த பஸ்கள் நின்றன. எங்கள் லைன் முழுதும் அங்கே இருந்தது. வரிசை நீண்டுகொண்டே போக, வேலு கரண்டியைத் தூக்கிக்கொண்டு, "எல்லாரும் ஒரே வரிசைல நின்னா எப்ப முடியும்? நாலாப் பிரிஞ்சு நில்லுங்க" என்று கத்தினாள். பிரிந்து நின்றார்கள். நான்காவது வரிசையில், எவர்சில்வர் தூக்கு ஒன்றை முந்தானையில் மறைத்துக்கொண்டு, வேலுவின் வீட்டுக்காரம்மா நின்றுகொண்டிருந்தார்.